யூத வெறுப்புப் பேச்சு: டெஸ்க்கிலும் சோஷியல் மீடியா டீமிலும் நாம் செய்ய வேண்டியது என்ன? (புதுச்சேரி – கடலூர் ஊடக வேலையாட்கள் இழை)

#1 முத்தியால்பேட்டை_டெஸ்க்

வணக்கம். செய்தி, விளம்பரம், பி.ஆர்., சர்ச் பங்கு இதழ், உள்ளூர் கேபிள் என்று புதுச்சேரி, கடலூர் பக்கம் எழுத்தை வைத்துப் பிழைக்கிற எல்லோருக்குமாக எட்டுப் பக்கக் கையேடு ஒன்று தயாராகிறது. பொருள், யூத வெறுப்புப் பேச்சு.

"இங்கே யூதரே கிடையாதே, நமக்கு எதற்கு இது?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். ஆள் இல்லாத ஊரில்தான் இந்தப் பேச்சு தடையே இல்லாமல் ஓடுகிறது. "அப்படி இல்லை" என்று சொல்லப் பக்கத்து வீட்டில் யாரும் இல்லை. நம் பக்கம் இது வசவாக வருவது குறைவு. "உங்களுக்குத் தெரியாத ரகசியம்" என்று வருகிறது. இல்லுமினாட்டி வீடியோ, ரோத்ஸ்சைல்ட் வீடியோ, "உலகை ஆளும் குடும்பங்கள்" வீடியோ. பார்க்கிறவர் தான் ஒரு சமூகத்தை வெறுக்கிறோம் என்றே நினைப்பதில்லை, அறிவு வளர்கிறது என்று நினைத்துப் பகிர்கிறார்.

நாலு விஷயத்துக்கு உதவி வேண்டும்: சொல் தேர்வு, எப்போது பதில் சொல்வது, அதை எப்படி எழுதுவது, கமென்ட் வடிகட்டல்.

#2 மஞ்சக்குப்பம்_சப்எடிட்டர்

சொல்லிலிருந்து தொடங்குகிறேன். முக்கால்வாசித் தப்பு அங்கேதான் நடக்கிறது.

யூதர் என்றால் ஒரு மக்கள், ஒரு மதம். உலகம் முழுக்க ஒன்றரைக் கோடிக்குச் சற்று மேல். இஸ்ரேலியர் என்றால் அந்த நாட்டுக் குடிமக்கள். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அரபு மக்கள். இஸ்ரேல் அரசு, இஸ்ரேல் ராணுவம், ஆளுங்கட்சி எல்லாம் தனித்தனி. சியோனிசம் என்பது யூதருக்கென்று ஒரு நாடு வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் அமைப்பாக உருவான அரசியல் இயக்கம். இந்த ஆறையும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாகப் போடக்கூடாது.

தலைப்பில் "யூதர்கள் குண்டுவீச்சு" என்று வந்தால் அது தகவல் பிழை. குண்டு வீசியது ராணுவம். இடம் பத்தவில்லை என்று சொல்லவும் முடியாது: "யூதர்கள்" ஐந்து எழுத்து, "இஸ்ரேல்" நாலு எழுத்து. சரியான சொல்தான் சின்னதாகவும் இருக்கிறது.

இன்னொன்று, எழுவாயைக் கவனியுங்கள். ஒரு சமூகத்தின் பெயரை எழுவாயாகப் போட்டு "செய்கிறார்கள், திட்டமிடுகிறார்கள், கட்டுப்படுத்துகிறார்கள்" என்று வினை முடித்தால், அந்தச் சமூகத்தின் கைக்குழந்தை வரை அந்த வினைக்குள் வந்துவிடுகிறது. அந்த இடத்தில் உங்கள் ஊர், உங்கள் மதம், உங்கள் சாதியின் பெயரைப் போட்டு ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். அச்சில் விடுவீர்களா?

#3 லாஸ்பேட்டை_காப்பி

சார், ஏஜென்சி நகலில் வரும் "ஆன்டிசெமிட்டிசம்" என்ற ஆங்கிலச் சொல்லை "செமித்திய எதிர்ப்பு" என்று போடுகிறார்கள். அது சரியா?

#4 மஞ்சக்குப்பம்_சப்எடிட்டர்

வேண்டாம். செமித்திய என்பது மொழிக் குடும்பத்தின் பெயர். அரபும் அதில் வரும். "அரபியர் எப்படி செமித்திய எதிர்ப்பாளர் ஆக முடியும்?" என்ற வீண் வாதம் அந்த மொழிபெயர்ப்பிலிருந்தே முளைக்கிறது. மூலச் சொல்லை 1879-ல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மார் என்பவர் பரப்பினார். யூதர் மீதான வெறுப்புக்கு அறிவியல் சாயம் பூசத்தான் அந்தச் சொல். அதனால்தான் ஆங்கிலத்திலும் பல ஊடகங்கள் நடுவில் கோடு போடாமல் ஒரே சொல்லாக எழுதத் தொடங்கிவிட்டன. அசோசியேட்டட் பிரஸ் 2021-ல் மாற்றியது.

தமிழில் "யூத வெறுப்பு" நேராக இருக்கிறது. "யூத எதிர்ப்பு" என்றால் ஏதோ கொள்கை எதிர்ப்பு மாதிரி தொனிக்கும்.

#5 காகித_வரலாறு

கையேட்டின் நடுப்பக்கத்தில் மூலங்களைப் போடுங்கள். தமிழ் வீடியோக்களில் சுற்றுவது பெரும்பாலும் மூன்றே சரக்கு, மூன்றுக்கும் பிறந்த தேதி இருக்கிறது.

இல்லுமினாட்டி: 1776 மே 1 அன்று பவேரியாவின் இங்கோல்ஷ்டாட் நகரில் ஆடம் வைஸ்ஹாப்ட் என்ற சட்டப் பேராசிரியர் தொடங்கிய ரகசியச் சங்கம். பத்து வருஷத்துக்குள் பவேரிய அரசு தடை போட்டு முடித்துவிட்டது. 1797-ல் பாருவெல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், பிரெஞ்சுப் புரட்சிக்கு இவர்களும் ஃப்ரீமேசன் என்ற இன்னொரு சங்கத்தாரும்தான் காரணம் என்று எழுதினார். அதில்கூட யூதர் மேல் பழி இல்லை. 1806-ல் சிமோனினி என்ற பெயரில் அவருக்கு வந்த ஒரு கடிதம்தான் "எல்லாவற்றுக்கும் பின்னால் யூதர்" என்று ஒட்டியது. கதைக்கு வில்லன் பிற்பாடு சேர்க்கப்பட்டவன்.

ரோத்ஸ்சைல்ட்: 1815 வாட்டர்லூ போரை நாதன் ரோத்ஸ்சைல்ட் என்ற யூத வங்கியாளர் களத்தில் நின்று பார்த்தாராம், வெற்றிச் செய்தி எட்டும் முன்பே புயலில் கடல் தாண்டி லண்டன் போய்ப் பங்குச்சந்தையைச் சுருட்டினாராம். இது 1846-ல் பிரான்சில் "சாத்தான்" என்ற புனைபெயரில் வந்த துண்டுநூலின் கதை. நாதன் 1836-லேயே இறந்துவிட்டார். போர்க்களத்துக்கு அவர் போகவே இல்லை.

"சியோன் மூப்பர்களின் நெறிமுறைகள்": போலி ஆவணம், யூதத் தலைவர்கள் கூடி உலகைப் பிடிக்கத் தீட்டிய திட்டம் என்று காட்டிக்கொள்வது. இதற்குத்தான் அதிக இடம் ஒதுக்க வேண்டும், மற்ற இரண்டும் இதில் வந்து கலக்கின்றன. 1903-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஸ்னாம்யா என்ற நாளிதழில் தொடராக வந்தது. 1921 ஆகஸ்டில் லண்டன் டைம்ஸ் அது திருட்டு என்று காட்டியது. மூலம், 1864-ல் மொரீஸ் ஜோலி என்ற பிரெஞ்சு வழக்கறிஞர் எழுதிய நூல். நரகத்தில் மாக்கியவெல்லி, மாண்டெஸ்கியூ என்ற இரண்டு அரசியல் சிந்தனையாளர்கள் பேசிக்கொள்வதாக அமைத்து, மூன்றாம் நெப்போலியனின் சர்வாதிகாரத்தைக் கிழித்தார். அதற்காகச் சிறைக்கும் போனார். அந்த நூலில் யூதச் சதி என்று ஒன்றும் கிடையாது. நெப்போலியனைக் குறித்து மாக்கியவெல்லி பேசும் வரிகளை எடுத்து, பேசுகிறவரை "யூத மூப்பர்" என்று மாற்றிவிட்டார்கள். அமெரிக்காவில் 1920 முதல் ஹென்றி ஃபோர்டின் வார இதழ் இதைப் பரப்பியது. 1927-ல் ஃபோர்டு மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக்கு அப்புறமும் புத்தகம் ஓடிக்கொண்டிருக்கிறது, மறுப்பு அவ்வளவு தூரம் போகவில்லை.

வீடியோ டீமுக்கு: இதை 40 விநாடியில் காட்டலாம். திரையை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் 1864 பத்தி, வலப்பக்கம் 1903 பத்தி, இரண்டுக்கும் தமிழ். பொருந்தும் வாக்கியங்களை ஒரே மஞ்சளில் அடியுங்கள். கமென்டரி தேவையே இல்லை, பார்க்கிறவர் கண்ணாலேயே பிடித்துக்கொள்வார்.

#6 டிரெண்டிங்_டீம்

இதெல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் "யூதர்கள்தான் உலகை ஆள்கிறார்களா? அதிர்ச்சி உண்மை!" என்று தம்ப்நெயில் வைத்தால்தான் ஆள் உள்ளே வருவான். உள்ளே வந்த பிறகு மறுப்பைச் சொல்லிவிடலாமே?

#7 நெல்லித்தோப்பு_எடிட்டர்

அப்படி வேண்டாம் தோழர். தம்ப்நெயிலைப் பார்த்தவர்களில் பெரும்பகுதி உள்ளே வருவதில்லை. அவர்கள் மனசில் தங்குவது கேள்வி மட்டும்தான். கேள்விக்குறி போட்ட பழியும் பழிதான்.

தமிழில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு, கையேட்டில் பெட்டி கட்டிப் போட வேண்டியது. நம் மொழியில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

"யூதர்கள் உலக வங்கிகளை எல்லாம் தங்கள் கைக்குள் வைத்திருக்கிறார்கள் என்பது உண்மை அல்ல."

இதை நோட்டிஃபிகேஷனில் அனுப்பினால், பூட்டிய போனில் தெரிவது:

"யூதர்கள் உலக வங்கிகளை எல்லாம் தங்கள் கைக்குள் வைத்திருக்கி…"

"அல்ல" வெட்டுப்பட்டுப் போய்விடும். மறுக்கப் போன நாமே பொய்யைப் பத்தாயிரம் போனுக்குத் தள்ளியிருப்போம். வாட்ஸ்அப் லிங்க் முன்னோட்டம், கூகுள் தேடல் வரி, டிவி ஸ்க்ரோல் எல்லாவற்றிலும் இதே கதை. ஆகவே பொய்யைத் தொடக்கத்தில் வைத்து "என்பது தவறு" என்று முடிக்கும் வாக்கிய அமைப்பையே விட்டுவிடுங்கள். உண்மையை எழுவாயாக்குங்கள்: "வாட்டர்லூ களத்துக்கு ரோத்ஸ்சைல்ட் போகவில்லை, 1846 துண்டுநூல் கட்டிய கதை இது." எந்த இடத்தில் வெட்டினாலும் பொய் தனியாக நிற்காது.

செய்தியின் உடலில் வரிசை: முதலில் உண்மை. பிறகு "ஒரு தவறான தகவல் சுற்றுகிறது" என்ற எச்சரிக்கை, பொய் ஒரே ஒருமுறை, அதுவும் சுருக்கமாக. அடுத்து தந்திரம் எங்கே இருக்கிறது என்ற விளக்கம் (ஆள் மாற்றிய மேற்கோள், தேதி பொருந்தாமை, படத்தை வெட்டியது). கடைசியில் மறுபடி உண்மை. விளக்கம்தான் சாறு. "போலி" என்று முத்திரை மட்டும் குத்தினால் "இவனும் விலைபோய்விட்டான்" என்பார்கள். எப்படிச் செய்தார்கள் என்று காட்டினால், அடுத்த வீடியோவையும் அவர்களே சந்தேகப்படுவார்கள்.

வானொலி ஸ்பாட் என்றால் ஒரு நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல். அதற்குள் பொய்க்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் தராதீர்கள்.

#8 லாஸ்பேட்டை_காப்பி

எல்லாப் பொய்க்கும் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமா?

#9 நெல்லித்தோப்பு_எடிட்டர்

கூடாது. ஒரு குடியிருப்பு குரூப்பில் மட்டும் கிடக்கிற பொய்யை நாலு லட்சம் பேர் பார்க்கிற பக்கத்தில் மறுத்தால் அதை ஊருக்கு அறிமுகப்படுத்துவது நாம்தான். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். குறைந்தது ஐந்து கை மாறி வந்தால்தான் அது விழும். அதோடு, தொடர்பில்லாத இரண்டு மூன்று குரூப்பில் வந்திருக்கிறதா, அரசியல்வாதியோ பெரிய யூடியூபரோ எடுத்துப் பேசினாரா? இதில் ஒன்று ஆம் என்றால் பொதுவில் பதில். இல்லையென்றால் அந்தக் குரூப்புக்குள்ளேயே, அவர்கள் நம்புகிற ஒருவர் மூலமாக.

#10 சிலுவை_வீதி

காஸாவில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த படங்களை எல்லோரும் பார்த்தோம். இந்தக் கையேடு வந்தால் இஸ்ரேலை விமர்சிக்கிற ஒவ்வொரு தலையங்கத்துக்கும் "யூத வெறுப்பு" என்று முத்திரை குத்துவார்கள். அந்த பயம் எனக்கு இருக்கிறது. நேராகப் பதில் வேண்டும்.

#11 மஞ்சக்குப்பம்_சப்எடிட்டர்

பயம் நியாயமானது மேடம். கையேட்டில் இதற்கு ஒரு முழுப் பக்கம் தர வேண்டும்.

நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலையை (ஹோலோகாஸ்ட்) நினைவுகூரும் நாடுகளின் கூட்டமைப்பான ஐ.எச்.ஆர்.ஏ. 2016-ல் ஏற்றுக்கொண்ட யூத வெறுப்பு வரையறையிலேயே, வேறு எந்த நாட்டின் மீதும் வைக்கிற மாதிரியான விமர்சனத்தை இஸ்ரேல் மீது வைப்பது யூத வெறுப்பு ஆகாது என்று இருக்கிறது. அந்த வரையறையின் உதாரணங்கள் விமர்சனத்தை அடக்கப் பயன்படுகின்றன என்று கருதிய அறிஞர்கள் 2021-ல் ஜெருசலேம் பிரகடனத்தை வெளியிட்டார்கள். இரண்டையும் கையேட்டில் சொல்லுங்கள், ஒன்றை மறைக்காதீர்கள்.

டெஸ்க்கில் கேட்க வேண்டியது: யார் செய்தார், எந்த உத்தரவு, எந்தத் தேதி என்று சுட்ட முடிகிறதா? முடிந்தால் அது செய்தி, எவ்வளவு கடுமையாகவும் எழுதலாம். செயலைவிட்டு "அவர்கள் ரத்தமே அப்படி" என்று பிறப்புக்குப் போகிறதா? நடந்ததற்கு வேறு நாட்டில் இருக்கிற யூதக் கடைக்காரரிடமோ ஜெப ஆலயத்திடமோ கணக்குக் கேட்கிறதா? குழந்தை ரத்தம் குடிப்பவர், ஆக்டோபஸ், பொம்மலாட்டக் கயிறு மாதிரி பழைய படிமம் கார்ட்டூனில் வருகிறதா? அந்த ரத்தப் பழி 1144-ல் இங்கிலாந்தின் நார்விச்சில் இறந்த வில்லியம் என்ற சிறுவனின் கதையிலிருந்து வருகிறது. இன்றைய கார்ட்டூனிஸ்ட் தெரியாமலே அதை வரைந்துவிடலாம். அதனால்தான் வரைந்த பிறகு இன்னொரு கண் பார்க்க வேண்டும்.

"சியோனிஸ்ட்" என்ற சொல்லுக்கு ஒரு சோதனை: அதை எடுத்துவிட்டு "யூதர்" என்று போடுங்கள். வாக்கியம் நூறு வருஷப் பழைய பழியாக மாறினால், அங்கே அது முகமூடி.

இதே கேள்விகளை முஸ்லிம்கள் பற்றிய நகலுக்கும் போடுங்கள். ஒரு வெறுப்பை அணைக்க இன்னொன்றைக் கொளுத்தும் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. அவை நமக்கு உதவி இல்லை.

#12 சிலுவை_வீதி

இது போதும். நன்றி. கார்ட்டூன் பகுதியை நான் எழுதித் தருகிறேன்.

#13 பங்கு_இதழ்

பங்கு இதழ்களையும் தவக்கால நாடகங்களையும் விட்டுவிடாதீர்கள். புதுச்சேரி, கடலூர் மறைமாவட்டப் பகுதியில் பாடுகளின் நாடகம் பார்க்கப் பெரிய கூட்டம் வருகிறது.

1965 அக்டோபர் 28 அன்று வெளியான நோஸ்த்ரா ஏத்தாத்தே என்ற இரண்டாம் வத்திக்கான் சங்க ஏட்டின் 4-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: இயேசுவின் பாடுகளில் நடந்ததை அன்று வாழ்ந்த எல்லா யூதர் மீதும், இன்றைய யூதர் மீதும் சுமத்த முடியாது. அதற்கும் முன்னால், 1959-லேயே, பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரைக் குறித்த இழிவுச் சொல்லைத் திருத்தந்தை 23-ஆம் யோவான் எடுத்துவிட்டார்.

வசனம் எழுதுகிறவருக்கு: "யூதர்கள் கத்தினார்கள்" என்று வரும் இடத்தில் "கூடியிருந்தவர்கள்", "தலைமைக் குருக்கள்", "காவலர்" என்று குறிப்பாக எழுதுங்கள். மேடையில் இயேசுவும் மரியாவும் பன்னிருவரும் ஒரு உடை, "யூதர்" மட்டும் தனி உடை, தொங்கும் மூக்கு, பணப்பை என்று ஒப்பனை போடாதீர்கள். எல்லோரும் யூதர்தான். கூட்டத்துக்கும் சீடர்களுக்கும் ஒரே துணி.

"யூதாஸ்" என்று துரோகிக்குப் பட்டம் கட்டுவது ஒரு ஆளின் பெயர்தான். ஆனால் அதிலிருந்து "யூதப் புத்தி" என்று தாவுகிற வரியை உடனே வெட்டுங்கள். கந்துவட்டிச் செய்தியில் ஷேக்ஸ்பியர் நாடகத்து யூத வட்டிக்காரரின் பெயரை வைத்து "ஷைலாக்" என்று தலைப்பிடுவதும் அப்படியே. கந்துவட்டிக்காரர் என்றாலே எல்லோருக்கும் புரியும்.

#14 ரொமேன்_ரோலான்_தெரு

மொழிபெயர்ப்புப் பக்கத்திலிருந்து. நம் ஊருக்கே உரிய சில தகவல்கள் கையேட்டில் வந்தால் "எங்கேயோ நடந்தது" என்ற தூரம் குறையும்.

1894-ல் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த ட்ரைஃபஸ் என்ற யூத அதிகாரியைப் பொய் உளவுக் குற்றத்தில் தண்டித்தபோது இந்த ஊர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அந்த வெறியைக் கிளப்பியது பாரிஸ் பத்திரிகை, 1898 ஜனவரி 13 அன்று முதல் பக்கத்தில் எழுத்தாளர் எமிலி சோலா அவருக்காக எழுதிய கடிதத்தைப் போட்டு வழக்கைத் திறந்ததும் பாரிஸ் பத்திரிகை. ட்ரைஃபஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வர 1906 ஆனது. 1940 செப்டம்பரில் புதுச்சேரி ஆளுநர் போன்வென், நாஜி ஜெர்மனிக்குப் பணிந்த பிரான்சின் விஷி அரசை விட்டு சுதந்திர பிரான்சின் பக்கம் போனார். அடுத்த மாதமே, அக்டோபர் 3 அன்று, விஷி அரசு யூதரை அரசுப் பணியிலிருந்தும் ஊடக வேலையிலிருந்தும் விலக்கும் சட்டம் போட்டது.

அப்புறம், இந்த ஊரில் எத்தனையோ கடையிலும் வீட்டிலும் படமாக இருக்கும் அரவிந்தர் ஆசிரம ஸ்ரீ அன்னை. 1878 பிப்ரவரி 21 அன்று பாரிஸில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த மிர்ரா அல்ஃபாசா. அப்பா துருக்கியிலிருந்து, அம்மா எகிப்திலிருந்து. பிப்ரவரி 21-ஐ ஒட்டி இதை ஒரு பதிவாகப் போட்டால் எந்தப் பிரசாரமும் இல்லாமல் வேலை செய்யும்.

#15 காகித_வரலாறு

தகவல் சரி, பயன்பாட்டில் எனக்கு மாற்றுக் கருத்து. "அன்னை யூதர், ஐன்ஸ்டீன் யூதர், ஆகவே யூதரை மதியுங்கள்" என்றால், மேதை பிறக்காத சமூகத்தை மதிக்க வேண்டியதில்லை என்று ஆகிவிடும். "அவர்கள் தனி மூளை" என்ற பேச்சு சதிக் கதையின் மறுபக்கம், இரண்டும் ஒரே நாணயம். அன்னை தம்மை எந்த மத அடையாளத்துக்குள்ளும் வைத்துக்கொண்டவரும் அல்ல.

#16 ரொமேன்_ரோலான்_தெரு

ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் புகழாக எழுத வேண்டாம், வரலாறாக எழுதலாம். அதோடு சாதாரண மனிதர்களைச் சேருங்கள். கேரளத்தில் ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ கி.பி. 1000-த்தில் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது, நம் கல்வெட்டுகளில் வரும் அதே எழுத்து. மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயம் 1568-ல் கட்டியது. எபிரேய விவிலியத்தில் மயிலுக்கு வரும் "துக்கி" தமிழ்த் "தோகை"யிலிருந்து போனது என்று கால்டுவெல்லே எழுதியிருக்கிறார். வணிகர், தச்சர், கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டுகிறவர் என்று பக்கத்தில் வாழ்ந்த மக்கள். "உலகை ஆள்கிறவர்கள்" என்ற பிம்பம் எண்ணெய்ச் செக்குக்கு முன்னால் நிற்காது.

#17 மாடரேஷன்_கடலூர்

கமென்ட் வடிகட்டலுக்கு வருகிறேன், இங்கே தமிழ் எழுத்துருவே காலை வாரிவிடும்.

தடைச்சொல் பட்டியலில் "யூத" என்று போட்டால் "யூத்" எல்லாம் மாட்டும். கணினிக்கு "த்" என்பது த என்ற எழுத்தும் அதன் மேல் புள்ளியும். ஆகவே பகுதிச் சொல்லாகத் தேடும் கருவியில் "யூத் ஃபெஸ்டிவல்" கமென்ட் முழுக்கத் தடுபட்டு நிற்கும். யூதரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான "ஜூ" போட்டால் ஜூன், ஜூலை, ஜூஸ் மூன்றும் போச்சு. முழுச் சொல்லாகக் கொடுங்கள்: யூதன், யூதனுங்க, யூதப்பயல். அப்புறம் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுகிற வடிவங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நாலு எழுத்துக்கூட்டல். பெயரைச் சுற்றி மூன்று அடைப்புக்குறி போடுவது, "இவர் யூதர்" என்று சுட்டும், 2016-லிருந்து தெரிந்த வெறுப்புக் குறியீடு. உச்சரிப்பு ஒத்திருப்பதால் ஜூஸ் டப்பா எமோஜியும் அப்படி வருகிறது, ஆனால் அதைத் தனியாக வைத்து முடிவு செய்யாதீர்கள். கடலூர் வெயிலில் பாதிப் பேர் உண்மையிலேயே ஜூஸ் டப்பா போடுகிறார்கள்.

பட்டியலில் சிக்கியதை அழிக்க விடாதீர்கள், பரிசீலனைக்கு நிறுத்துங்கள். யூடியூபில் தடைச்சொல் அப்படித்தான் நடக்கும். விவிலிய வசனம் போடுகிறவர், கண்டித்து மேற்கோள் காட்டுகிறவர் எல்லோரும் அதே சொல்லைப் பயன்படுத்துவார்கள். ஆள் கண் கட்டாயம்.

பதில் எழுதும்போது எதிரே இருப்பவர் மாறுவார் என்று எழுதாதீர்கள், மேலே வாசித்துக்கொண்டு போகிற நூறு பேருக்காக எழுதுங்கள். இரண்டு பதிலோடு நிறுத்துங்கள், மூன்றாவது பதில் அந்த இழையை மேலே தூக்கி அல்காரிதத்துக்குத் தீனி போடும்.

#18 சட்டமும்_டெஸ்கும்

புகார் கொடுப்பதற்கு முன் பதிவு எடுங்கள். வரிசை மாறினால் ஆதாரம் போய்விடும். முழு முகவரி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், பதிவின் தனி லிங்க், கணக்கின் லிங்க், தேதி நேரம், இணைய ஆவணக் காப்பகமான வேபேக் மெஷினில் ஒரு பிரதி. வழக்கு வரை போகும் என்றால் 2023 சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழும் வேண்டும். அதில் கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் எண் கேட்பார்கள், எனவே மூலக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருக்காதீர்கள்.

பிறகு தளத்தில் ரிப்போர்ட். "ஸ்பாம்" என்று அழுத்தாமல் வெறுப்புப் பேச்சு, அதில் மதம் அல்லது இனம் என்று சரியான வகையைத் தேர்ந்தெடுங்கள். ஹோலோகாஸ்ட் நடந்ததை மறுக்கும் பதிவுகளை ஃபேஸ்புக் 2020 அக்டோபரில் தடை செய்தது. தளத்தின் குறைதீர் அதிகாரி தள்ளிவிட்டால் 30 நாளுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனில் போகலாம். வன்முறைக்குத் தூண்டினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 196, 299, 353 பிரிவுகளை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பிடிக்காத கருத்துக்கெல்லாம் போலீஸுக்கு ஓடாதீர்கள். அது சதிக் கதைக்காரரைத் தியாகி ஆக்கும்.

#19 விளம்பர_நகல்

ஹிட்லர் விஷயம் விட்டுப்போயிற்று. கண்டிப்பான வாத்தியாருக்கு ஹிட்லர், கடைப் பெயர் ஹிட்லர், மீம் ஹிட்லர். வாடிக்கையாளர் கேட்டாலும் மாற்று வரியோடு போய் மறுக்க வேண்டும். 60 லட்சம் யூதர் கொலையானார்கள். ரோமா இன மக்கள், மாற்றுத்திறனாளிகள், போர்க் கைதிகள் தனி. விலைவாசிக்கும் தேர்தல் தோல்விக்கும் "ஹோலோகாஸ்ட்" என்று உவமை போடக்கூடாது.

தமிழ் வாசகருக்கு இதைச் சொல்ல ஒரு வாசல் இருக்கிறது. 1981-ல் யாழ் நூலகம் எரிந்ததையும் 2009 முள்ளிவாய்க்காலையும் நினைவில் வைத்திருப்பவர்கள் நாம். செத்தவர் எண்ணிக்கையை ஒருவர் "மிகைப்படுத்தல்" என்று சொல்லும்போது வயிறு எப்படிப் பற்றி எரியும் என்று நமக்குத் தெரியும். இரண்டு துயரத்தையும் தராசில் வைக்க வேண்டாம். மறுக்கிறவன் பேசும் விதம் ஒன்றாகவே இருப்பதைக் காட்டினால் போதும். ஜனவரி 27 ஐ.நா. நினைவு நாள், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலை முகாம் 1945-ல் விடுவிக்கப்பட்ட நாள். அதற்கு ஒரு வாரம் முன்பே பதிவுகள் தயாராக இருக்கட்டும்.

#20 முத்தியால்பேட்டை_டெஸ்க்

எட்டுப் பக்கம் பன்னிரண்டு ஆகும் போலிருக்கிறது, ஆகட்டும். முதல் வீடியோ #5-ல் சொன்ன இரட்டைத் திரைதான். தலைப்பு: "உலகை ஆளும் யூதர்களின் ரகசிய ஆவணம் போலி என 1921-லேயே அம்பலம்". சரியா?

#21 நெல்லித்தோப்பு_எடிட்டர்

"போலி" ஆறாவது சொல்லாக வருகிறது. அதற்கு முன்னால் வெட்டினால் பொய் முழுசாக நிற்கிறது. முதல் சொல்லாகக் கொண்டுவாருங்கள். "யூதர்" தலைப்பிலேயே தேவையில்லை.

#22 முத்தியால்பேட்டை_டெஸ்க்

"போலி ஆவணம்: 1864 பிரெஞ்சு நூலைக் காப்பியடித்தது 1921-லேயே அம்பலம்"

#23 நெல்லித்தோப்பு_எடிட்டர்

இதை ஏற்றுங்கள். நோட்டிஃபிகேஷனை முதலில் உங்கள் போனுக்கு மட்டும் அனுப்பி, திரை பூட்டியிருக்கும்போது எந்த இடத்தில் வெட்டுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.